கொடியேற்றமும் குடியுரிமையும்

ஆண்டுதோறும் பெப்ரவரி 4ஆம் நாள் புசல்லாவைப் பள்ளி முற்றங்களில் தேசியக்கொடி ஏறுகிறது. பிள்ளைகள் வரிசையில் நிற்கின்றனர். 1818இலும் 1848இலும் வெள்ளையரை எதிர்த்து நின்ற கண்டி நாட்டு வீரர்கள் போற்றப்படுகின்றனர். அது தக்கதே. ஆனால், வரிசையில் நிற்கும் தோட்டத்துப் பிள்ளையின் பாட்டனுக்குச் சுதந்திரம் எதைக் கொண்டுவந்தது என்ற கேள்வியை எந்த மேடையும் எழுப்புவதில்லை. நாம் எழுப்புவோம்.

1948 பெப்ரவரியில் சுதந்திரம் வந்தது. அந்த ஆண்டு முடியுமுன்னரே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் வந்தது. இம்மண்ணிற் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும், அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். லயத்துக் காம்பிராவிற் பிறந்தவனுக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் ஒரே வீச்சில் நாடற்றோராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947 தேர்தலில் மலையக மக்கள் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். புசல்லாவையிற் சரஸ்வதி வித்தியாலயத்தை நிறுவிய கே. இராஜலிங்கம் அவர்களுள் ஒருவர். 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. புதிய தேசம் தன்னைத் தானே வரையறுத்த முதற் சட்டம், தனக்குச் சோறு போட்டவரை வெளியே தள்ளிய சட்டமாயிற்று!

"இவர்கள் எங்கள் நிலத்தைப் பறித்தவர்கள்" என்று அன்று தேசாபிமானிகள் முழங்கினர். நிலத்தைப் பறித்தவர் யார்? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவை என்றது. அவை துரைமாரின் கைக்கு மாறின. அக்காலத்தேதான் புசல்லாவையில் வோர்ம்ஸ் சகோதரர்களின் ரொத்சைல்ட் கோப்பித் தோட்டம் எழுந்தது. சிங்கள விவசாயி நிலத்தை இழந்தான்; தமிழ்க் கூலி ஊரை இழந்தான். இருவரையும் உறிஞ்சிய கை ஒன்றே. அந்தக் கையை மறைத்து இருவரையும் பகைவராக்கியதே இந்தத் தேசாபிமானத்தின் சாதனை.

வெள்ளையரின் ஆட்சியில் துப்பாக்கிக்கு நெஞ்சு கொடுத்தவர்கள் தோட்டங்களில் இல்லையா? கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டுக்குப் பலியான கோவிந்தன் யார்? சுதந்திர தின உரைகளில் அவன் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

குற்றம் ஒரு சாராருடையது மட்டுமன்று. தமிழர் தலைவரென நின்ற ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948இல் அமைச்சரானார்; அந்த அரசின் பங்காளியாகவே இருந்து, விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தை ஆதரித்தார். அச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்கு விண்ணப்பிக்கப்பட்டது; 1964 வரையிற் குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. நம் வீட்டையும் பார்ப்போம். 1948இல் இந்த அநீதியை எதிர்த்து வாக்களித்தனர் இடதுசாரிகள். 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான வேளையில், லங்கா சமசமாஜக் கட்சி அதே அமைச்சரவையில் அமர்ந்திருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றவரைச் சாடும் உரிமை நமக்கில்லை.

அவ்வொப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரைக் கணக்கெடுத்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதியைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தது. அம்மக்களை எவரும் கேட்கவில்லை. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற வண்டிக்கு மலைநாடு இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. இங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர் அங்கே நீலகிரியின் தேயிலை மலைகளிற் 'சிலோன்காரர்' ஆயினர். இரு நாடுகளும் கொடியேற்றின. இருகொடிகளின் நிழலும் அவர்கள்மேல் விழவில்லை.

"2003ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சமிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை தந்துவிட்டதே, பழம் புண்ணை ஏன் கிளற வேண்டும்?" என்பர். புண் ஆறினாற்றானே அது பழம் புண்! 55 ஆண்டுகள் கழித்துத் திருப்பித் தந்தது தானமன்று, தாமதித்த கடன். அக்கடனும் முற்றாகத் தீரவில்லை. வாக்குச்சீட்டு உண்டு, ஆனால் எத்தனையோ குடும்பங்களுக்குக் காலடி மண் இன்றும் தோட்ட நிர்வாகத்துடையது. 2016 சுதந்திர விழாவில் தமிழிலும் ஒலித்த தேசிய கீதம், 2020 விழாவில் மௌனமாக்கப்பட்டது. கடன்பட்டவன் வட்டியையும் மறுக்கிறான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நாட்டை நேசிப்பதை நாம் மறுக்கவில்லை. காட்டை வெட்டிப் பாதை போட்டு, பிரட்டுக்களத்தில் நின்று கொழுந்து பறித்தவரைவிட இந்நாட்டை நேசித்தவர் யார்? மறதியின்மேற் கட்டிய பெருமையையே மறுக்கிறோம்.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த பெப்ரவரி 4இல் கொடி ஏறட்டும். அதன் கீழே நின்று கோவிந்தனின் பெயரையும், 18ஆம் இலக்கச் சட்டத்தையும், ஒப்பாரிக் கோச்சியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தமிழ்ப் பள்ளியில் மட்டுமன்றி, சிங்களப் பள்ளியிற் கற்பிக்கும் உங்கள் தோழரையும் சொல்லச் செய்யுங்கள். அந்த உண்மையைக் கேட்டும் தாழாத கொடியே மக்களின் கொடி.