ஓட்டை போடாமல் ஒரு பாட்டு

எங்கட அப்பாவிடம் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. பென்சன் எடுத்த பிறகு ஆசைப்பட்டு வாங்கியது. ஏன் அந்தக் கார் என்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் அங்கே கலியாணக் கார், வாடகைக் கார், டொக்டரின்ர கார். யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடியவையும் இந்தப் பழைய கார்கள்தான்.

பதின்ம வயதில் இருக்கும் என் பிள்ளைகள் இருவருக்கும் அந்தக் காரில் ஒரே ஒரு குறை. பாட்டு இல்லை. ஞாயிறுகளில் ஏரிக்கரை வீதியால் வெர்சுவா, கொப்பே தாண்டி நியோன் வரை போவோம். ஏறினவுடனே இரண்டு பேரும் காதில் ஹெட்போனை மாட்டிவிடுவார்கள். அப்பப்பா கார் ஓட்டியபடி கதை சொல்லிக்கொண்டே வருவார். பின்னால் ஒருத்தருக்கும் கேட்காது. எல்லாருக்கும் ஒரே பாட்டு என்றால் ஹெட்போனைக் கழற்றுவார்கள் என்று நினைத்துத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "தம்பி, என்ன வேணுமெண்டாலும் பூட்டு. ஆனா ஒரு ஓட்டை போடக்கூடாது."

காரில் பழைய றேடியோ ஒன்று இருக்கிறதுதான். மத்திய அலை மட்டும் பிடிக்கும். பிரெஞ்சு சுவிசுக்கு ஒலிபரப்பிய சொத்தான் மத்திய அலை நிலையம் 2010 டிசம்பரிலேயே நின்றுவிட்டது. 2024 முடிவோடு அரச வானொலி எஃப்.எம். ஒலிபரப்பையும் நிறுத்தியது. எனவே றேடியோ அழகுக்கு அப்படியே இருக்கட்டும், பாட்டு போனிலிருந்து வரட்டும் என்று முடிவெடுத்தோம்.

அப்பாவின் நிபந்தனை வெறும் பிடிவாதம் இல்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான 'ஃபிவா'வின் டூரின் சாசனமும் இதையேதான் சொல்கிறது: செய்யும் மாற்றம் திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும், கழற்றிய பழைய பாகங்களைப் பத்திரப்படுத்தவேண்டும். சுவிசில் 30 வயது தாண்டிய கார் 'வெத்தெரான்' என்று பதிவாக, அது பெரும்பாலும் செய்தபடியே இருக்கவேண்டும். பதிவானால் பரிசோதனை ஆறு வருடத்துக்கு ஒருமுறைதான். டாஷ்போர்டை வெட்டாமல் விட அதுவும் ஒரு காரணம்.

சரி, ஸ்பீக்கரை எங்கே ஒளிப்பது? கதவுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் கண்ணாடியைக் கீழே இறக்கினால் அது கதவுக்குள்ளேதான் போய் நிற்கும். ஸ்பீக்கரின் காந்தம் அதில் முட்டும். மழைத்தண்ணீரும் அந்த வழியாலேதான் வடியும். கதவை விட்டுவிட்டோம்.

பின்கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறது. அதைக் கழற்றி, அதே அளவில் 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் புதிதாக ஒன்று வெட்டினோம். ஸ்பீக்கர் இரண்டையும் அதன் அடிப்பக்கம் பூட்டி, மேலே சத்தத்தை மறிக்காத மெல்லிய துணி இழுத்து ஒட்டினோம். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழே இருக்கும் டிக்கியே ஸ்பீக்கருக்குப் பெட்டியாகிவிடும். முன்சீற்றுகளுக்கு அடியில் சின்னப் பெட்டி ஸ்பீக்கர் இரண்டு. சீற்றின் பழைய போல்ட்டிலேயே தகட்டுப் பட்டி கொடுத்து நிறுத்தினோம்.

கவனமாகப் பார்க்கவேண்டியது வயரிங்தான். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பற்றறியின் பொசிற்றிவ் பக்கம்தான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய அம்ப்ளிஃபயர்கள் நெகற்றிவ் உடம்போடு இருக்கும் என்று எதிர்பார்ப்பவை. தெரியாமல் பூட்டினால், அதன் தகரக்கூடு காரில் பட்டவுடனே ஷோர்ட் ஆகும். பற்றறியைத் திருப்பி, டைனமோவின் துருவத்தையும் மாற்றலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் காரின் வயரிங்கில் கை வைக்கவில்லை. உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போவதையும் முழுதாகப் பிரித்துவிடும் 'ஐசோலேட்டட் கொன்வேர்ட்டர்' ஒன்றை இடையில் போட்டோம். பற்றறிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ். இந்தப் பகுதி மட்டும் ஓட்டோ எலக்ரீசியனின் வேலை. பழைய ஆங்கிலேயக் காரில் கை வைத்த அனுபவம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

டைனமோவிடம் கனக்க எதிர்பார்க்கவும் கூடாது. முழு வேகத்தில் சுமார் 20 அம்பியர் தரும். முன்விளக்கு, வைப்பர், ஹீற்றர் எல்லாம் அதிலேதான் ஓடவேண்டும். சிக்னலில் நிற்கும்போது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. எனவே நெஞ்சு அதிரும் பேஸ் எல்லாம் இந்தக் காருக்குச் சரிவராது. சின்ன அம்ப்ளிஃபயர், அளவான சத்தம். எங்களுக்கு அதுதான் வசதியாகப் போனது. பாட்டுக்கு மேலால் அப்பாவின் குரல் கேட்கிறது.

இப்போது போகும்போது ஒரு பாட்டு அவருக்கு, ஒரு பாட்டு பிள்ளைகளுக்கு. அவருடைய முறை வந்தால், இலங்கை வானொலியில் அந்தப் பாட்டை முதல் முதல் எங்கே இருந்து கேட்டவர் என்ற கதையும் சேர்ந்து வரும். பிரெஞ்சு ராப் வரும்போது "இவன் என்ன சொல்லுறான்?" என்று கேட்பார். மகள் தமிழில் விளக்கவேண்டும். வீட்டில் நான் கெஞ்சினாலும் அவ்வளவு நீளத்துக்குத் தமிழ் பேசமாட்டாள்.

கழற்றிய பழைய தட்டைப் போர்வையில் சுற்றிக் கீழே காவில் வைத்திருக்கிறோம். "பாவிக்காததை ஏன் வைச்சிருக்கிறீங்கள்?" என்று மகன் கேட்டான்.

"கார் ஒருநாள் உனக்கு வரும்," என்றார் அப்பா. "உனக்குப் பாட்டு வேண்டாமெண்டால் கழற்றிப்போட்டு, இதைத் திரும்பப் பூட்டு."