நகரத்தை அளப்பது யார்?

சீர்மிகு நகரம் என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? சாலை முனைதோறும் காமிரா. ஓர் அறையில் சுவர் நிறையத் திரைகள். அவற்றைக் கவனிக்கும் அலுவலர்கள். 2015-இல் நம் நாட்டில் தொடங்கிய திட்டத்தில் 100 நகரங்களுக்கும் இத்தகைய கட்டுப்பாட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. நல்லதுதான். ஆனால் இந்தப் படத்தில் மக்கள் வெறுமனே பார்க்கப்படுகிறவர்கள். அவர்களும் அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் குன்றுகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தில் உள்ளது. வாகனப் புகையும் நுண்துகள்களும் எளிதில் வெளியேறுவதில்லை. அரசின் அளவீட்டு நிலையங்கள் துல்லியமானவை, விலை மிகுந்தவை, ஆகவே எண்ணிக்கையில் சில. ஒருவருடைய ஜன்னலுக்கு வெளியே உள்ள காற்றைப் பற்றி அவை சொல்லமாட்டா.

2015-இல் அந்நகரத் தன்னார்வலர்கள் மலிவான கருவி ஒன்றைப் பரப்பத் தொடங்கினர். சிறு விசிறி காற்றை உள்ளே இழுக்கும். லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறும். சிதறிய ஒளி மின்துடிப்பாக மாறும். (ஓட்டைவழி விழும் வெயிலில் தூசு மின்னுமே, அதே தத்துவம்.) இதற்குக் கூடு எது தெரியுமா? கழிவுநீர்க் குழாயில் போடும் இரண்டு பிளாஸ்டிக் எல்போக்கள்! மக்கள் தாமே பூட்டி வீட்டு வெளிப்புறத்தில் மாட்டினர். அளவுகளை இணையத்தில் யாரும் பார்க்கலாம். இவ்வலை பல நாடுகளுக்குப் பரவி, ஆயிரக்கணக்கான கருவிகளாகப் பெருகியது.

ஆனால் கருவி காட்டுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஈரம் மிகுந்தால் துகள்கள் நீரை ஏற்றுப் பருக்கும். பனித்துளியும் ஒளியைச் சிதறடிக்கும். துளி எது, தூசு எது என்று கருவிக்குத் தெரியாது, கூட்டிச் சொல்லிவிடும்.

'பிறகு இந்த விளையாட்டுச் சாமான் எதற்கு?' என்று அதிகாரிகள் கேட்கலாம். எப்போது பிழை வரும் என்று தெரிந்த கருவி பயனற்றதன்று. ஒரு தெருவில் பத்துக் கருவிகள் இருக்கின்றன என்போம். ஒன்பது ஏறத்தாழ ஒரே அளவையும், ஒன்று மும்மடங்கையும் காட்டுகின்றன. ஈரம் எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே அந்த ஒன்று பழுதாக இருக்கவேண்டும், அல்லது அருகில் எவரோ குப்பை எரிக்கவேண்டும். எட்டிப் பார்த்துச் சொல்ல அவ்வீட்டுக்காரர் இருக்கிறார். கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு அந்த வசதி இல்லை.

உங்கள் பள்ளியில் இத்தகைய கருவியை மாட்டினால், பக்கத்திலேயே ஓர் ஈரப்பதமானியும் மாட்டுங்கள். மார்கழிக் காலைகளின் அளவுகளைத் தனியே குறித்து வையுங்கள். போகியன்று பனியும் புகையும் சேர்ந்தே வரும். எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள், சற்றுக் கடினமான கணக்குதான்.