புல்தரைக்கும் ஒரு விதிமுறை வேண்டும்

சில மாதங்களுக்கு முன் வாலாஜாபாத்தை அடுத்த சிற்றூரிலிருந்து ஓர் அம்மையார் காலில் புண்ணுடன் என்னிடம் வந்தார். தொழிற்சாலை ஒன்றின் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். நெடுநாள் நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குன்றியிருந்தது. வெறுங்காலுடன் புல்தரையில் பச்சைச் சாணத்தைப் பரப்பியபோது முள் தைத்ததை அவர் உணரவே இல்லை. சீழ் பிடித்த பின்னரே வந்தார். ஒரு விரலை அகற்ற நேர்ந்தது.

"இயற்கை உரந்தானே டாக்டர், அது என்ன செய்துவிடும்?" என்று அவருடைய மகன் கேட்டார். பலருக்கும் உள்ள ஐயம் இது.

தொழுவுரம் மண்ணுக்கு நல்லது; அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் பச்சைச் சாணத்தில் குடல்நோய்க் கிருமிகளும், டெட்டனஸ் என்னும் இரண ஜன்னிக் கிருமியின் வித்துகளும் இருக்கக்கூடும். கழிவுநீர்க் கசடில் குடற்புழு முட்டைகளும் இருக்கலாம். முறையாக மட்கும் குவியலில் 55 பாகை செல்சியசுக்கு மேல் எழும் வெப்பம், பல நாள் நீடித்தால், புழு முட்டைகளையும் பெரும்பாலான கிருமிகளையும் அழித்துவிடும். டெட்டனஸ் வித்துகளோ அவ்வெப்பத்தையும் தாங்குபவை; அதற்குத் தடுப்பூசியே காப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006இல் இயற்கை உரங்களும் சேர்க்கப்பட்டன. நகரக் குப்பையிலிருந்து செய்யும் உரத்தில் நோய்க்கிருமி இருத்தல் ஆகாது. ஒரு கிலோவில் ஈயம் 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் மிஞ்சக் கூடாது. ஆனால் அவ்வாணையின் நோக்கு உரத்தின் தயாரிப்பும் விற்பனையுமே. டிராக்டரில் வந்து இறங்கும் பச்சைச் சாணமும், வளாகத்துக்குள்ளேயே உலர்த்தப்படும் கழிவுநீர்க் கசடும் எவ்விதச் சோதனையுமின்றிப் புல்தரையை அடைந்துவிடலாம்.

அமெரிக்காவில் இயற்கை வேளாண் சான்று பெற்ற பண்ணைகளில், மண்ணைத் தொட்டு விளையும் உணவுப் பயிருக்குப் பச்சைச் சாணம் இட்டால், அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி கட்டாயம். இங்கோ சாணம் தூவிய மறுநாளே குழந்தைகள் அதே புல்லில் உருண்டு விளையாடுகிறார்கள்.

"இது உழவர்மேல் சுமையாகாதா?" எனக் கேட்கலாம். நான் வயலைச் சொல்லவில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகள், குடியிருப்பு வளாகங்கள், பூங்காக்கள் ஆகியவற்றின் புல்தரைகளையே சொல்கிறேன். மட்கிய உரம் மட்டுமே இடுதல். சோதிக்காத கசடைத் தவிர்த்தல். உரமிட்டபின் சில நாள் அறிவிப்புப் பலகை வைத்து நடமாட்டத்தைத் தடுத்தல். தோட்டப் பணியாளருக்குக் கையுறையும் ரப்பர் காலணியும் தடுப்பூசியும் அளித்தல். இந்நான்கையும் உள்ளாட்சி அமைப்புகள் விதியாக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு விரலின் விலையைவிட மிகக் குறைவு.

விதி வரும்வரை நம் காப்பு நம் கையில். நீரிழிவு உள்ளோர் நடைப்பயிற்சிக்கும் புல்தரையில் வெறுங்காலுடன் நடத்தல் வேண்டாம். இரவில் பாதங்களைப் பார்த்துவிட்டுப் படுங்கள். பார்வை மங்கியோருக்கு வீட்டார் பார்த்துச் சொல்லுங்கள். சிறு காயமாயினும் சோப்பிட்டுக் கழுவி அன்றே வாருங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது என்பது நினைவில் இல்லையெனில், அடுத்த முறை வரும்போது தயங்காமல் கேளுங்கள்.