எங்கள் ஆசிரியர்களுக்கும் ஒரு புராஜெக்ட் வேண்டும்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். ‘இளைஞர்களும் நாளைய பாரதமும்’ என்று எழுதிவிடலாமா என்று முதலில் நினைத்தேன். போன வருட மலரிலும் அது இருந்தது, அதற்கு முந்தின வருட மலரிலும் இருந்தது. பாரதத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வருடம் என் மனசில் கிடந்து உறுத்துகிற ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இறுதியாண்டு மெக்கானிக்கல். எங்கள் பேட்ச்சில் ஆறு பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்தோம். செய்தோம் என்றா சொன்னேன்? வாங்கினோம்! ஆளுக்கு 3,000 ரூபாய் போட்டு, டவுனில் ஒரு கடையில் 18,000 ரூபாய்க்கு வாங்கினோம். காலால் மிதித்தால் பல்பு எரிகிற படிக்கட்டு. ரிப்போர்ட்டையும் அவர்களே டைப் அடித்து பைண்டிங் செய்து கொடுத்துவிட்டார்கள். வைவாவில் வரக்கூடிய கேள்வி பதில்கூட ஒரு தாளில் தனியாக உண்டு. என் பங்கு 3,000 ரூபாய், அம்மா தார் சுற்றிச் சேர்த்த காசு.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். புராஜெக்ட் முடிந்த அன்று ராத்திரி அந்தப் படிக்கட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். இரண்டு தடவை சத்தமாகச் சொன்ன பிறகுதான் அவர் காதில் விழுந்தது. இருபத்தைந்து வருடத் தறிச் சத்தத்தில் போன காது. கேட்டுவிட்டு, “அது எதுக்குக் கண்ணு ஆவும்?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இந்தத் தறிச் சத்தம் கொறையறதுக்கு உங்க காலேஜ்ல ஒண்ணும் சொல்லித் தர மாட்டாங்களா?” என்று கேட்டார்.

கடைக்காரர் கொடுத்த தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

படித்ததை வைத்து யோசித்துப் பார்த்தேன். நாடாத் தறியில் சத்தத்துக்கு முக்கியக் காரணம் அடி. பிக்கிங் ஸ்டிக் நாடாவை அடித்து விரட்டுகிறது. நாடா எதிர்ப் பெட்டியில் போய் மோதி நிற்கிறது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இந்த அடி விழுகிறது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதுதான் நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்த எல்லை. தறிப்பட்டறைக்குள் போனால் அந்த எல்லை சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது. சரி, பாதித் தறியை நிறுத்திவிட்டால்? ஒரே மாதிரியான 12 தறியில் 6 தறியை நிறுத்தினாலும் சுமார் 3 டெசிபல்தான் குறையும். டெசிபல் கணக்கு அப்படி! ஆகவே அடி விழுகிற இடத்திலேயே சத்தத்தைக் குறைக்க வேண்டும். பெட்டியில் எந்த ரப்பர் வைக்கலாம்? தறியின் அதிர்வு எந்த வழியாகத் தரைக்குப் போகிறது? கூரையில் எதை அடித்தால் எதிரொலி அடங்கும்? இதெல்லாம் டிப்ளமோ பையன்கள் செய்து பார்க்கக்கூடிய வேலைதானே!

எங்கள் சாரிடம் போய்ச் சொன்னேன். “நல்ல யோசனைதான் தம்பி. ஆனா சத்தத்தை அளக்க ஒரு மீட்டர்கூட நம்ம டிபார்ட்மெண்ட்ல இல்லையே. யாராவது பணம் கொடுத்தாத்தான் செய்ய முடியும்” என்றார்.

“யார் சார் கொடுப்பாங்க?”

“முறையா எழுதிக் கேட்டா கொடுக்கிறவங்க இருக்காங்க. உக்காந்து எழுத யாருக்குப்பா நேரம்?”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மேஜையில் திருத்த வேண்டிய விடைத்தாள் மலைபோல் கிடந்தது. ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. ஆசிரியருக்கு ஆராய்ச்சி நிதி கிடைப்பதும் கிடைக்காததும் அவருடைய சொந்த விஷயம் இல்லை. அது நம் படிப்பைப் பற்றிய விஷயம்.

இந்த நிதி என்பது கடனும் இல்லை, சம்பளமும் இல்லை. ஒரு பிரச்சினையைச் சொல்லி, அதை எப்படி ஆராய்வோம், எத்தனை மாதம் ஆகும், கருவிக்கு எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு என்று ஆசிரியர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் பணம் கல்லூரிக் கணக்குக்கு வரும். முடிவில் அறிக்கையும், செலவுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுக்க வேண்டும். வாங்கிய கருவி பெரும்பாலும் கல்லூரியிலேயே தங்கிவிடும். அதாவது, இன்றைக்கு ஒரு சார் எழுதி வாங்குகிற மீட்டரை நமக்குப் பின்னால் வருகிற பத்து செட் மாணவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள்.

நடக்கிற காரியமா என்று கேட்கிறீர்களா? நடந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் இஸ்ரோவின் நிதியில் 40 கிலோ எடையுள்ள அனுசாட் செயற்கைக்கோளைச் செய்தார்கள். 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் அது விண்ணுக்குப் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அதுதான். நம் பக்கத்திலேயே பாருங்கள். 1956-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், அதாவது சிட்ரா, ஆலைகளும் அரசும் கைகொடுத்து வளர்ந்தது. கொடுக்கிற மனசும் நம் மண்ணில் இல்லாமல் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1948-ல் அடிக்கல், 1953-ல் திறப்பு விழா.

“அதெல்லாம் பெரிய பெரிய இடம்டா, நாம பாலிடெக்னிக்” என்று சில நண்பர்கள் சொல்வார்கள். பாதி உண்மைதான். டெல்லியிலிருந்து வருகிற பெரிய ஆராய்ச்சி நிதிகளுக்கு பிஎச்.டி. முடித்தவர்கள்தான் போட்டி போட முடிகிறது. ஆனால் எல்லாக் கதவும் மூடியில்லை. 1984-ல் அமைத்த தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்கு நிதி கொடுத்து வந்திருக்கிறது. பழைய ஆய்வகங்களைப் புதுப்பிக்க ஏ.ஐ.சி.டி.இ. ‘மோட்ராப்ஸ்’ என்ற திட்டத்தில் உதவியிருக்கிறது. 1978-79-ல் மத்திய அரசு கம்யூனிட்டி பாலிடெக்னிக் திட்டம் தொடங்கியதே, பாலிடெக்னிக்கில் இருக்கிற தொழில்நுட்பம் கிராமத்துக்குப் போக வேண்டும் என்றுதான். இதற்கும் மேலே, ஊரில் பட்டறை முதலாளிகள் இருக்கிறார்கள். பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து கொடுத்தால் ஒரு சின்ன புராஜெக்ட்டுக்குப் போதும். அவர்களிடம் யார் போய்க் கேட்டோம்?

ஆசிரியர்களின் சிரமத்தையும் சொல்லத்தான் வேண்டும். வகுப்பு, லேப், தேர்வு வேலை, லீவு விட்டால் அட்மிஷனுக்கு ஊர் ஊராக அலைச்சல். இதற்கு நடுவில் புராஜெக்ட் எடுத்தால் கொட்டேஷன், பில், தணிக்கை என்று அதுவும் அவர் தலையில்தான் விழும். நன்றாகச் செய்தால் பாராட்ட ஆளில்லை, கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால் கேட்க ஆயிரம் பேர்! பிறகு யார் முன்வருவார்கள்?

ஆகவே நிர்வாகத்துக்கு நம் பணிவான வேண்டுகோள். புராஜெக்ட் எழுதுகிற ஆசிரியருக்கு வாரத்தில் சில பீரியடாவது குறைத்துக் கொடுங்கள். கணக்கு எழுத அலுவலகத்தில் ஒருவரை ஒதுக்குங்கள். நிதி வாங்கி வந்தவரை ஆண்டு விழா மேடையில் பேர் சொல்லிப் பாராட்டுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் வந்துவிட்டது என்று வகுப்பை மறந்துவிடாதீர்கள். வாங்கின கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். எங்களையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள் சார், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவாவது!

நாம் என்ன செய்யலாம்? நம் வகுப்பையே எண்ணிப் பாருங்கள். ஒருத்தன் அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போகிறார். ஒருத்தன் அண்ணன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார். ஒருத்தன் வீட்டில் கோழிப்பண்ணை, இன்னொருத்தன் வீட்டில் சேகோ ஆலை வேலை. ஒவ்வொரு வீட்டிலும் தீராத ஒரு பிரச்சினை உண்டு. அதை ஒரு நோட்டில் எழுதி, அளந்து, படம் வரைந்து ஹெச்.ஓ.டி. மேஜையில் வைப்போம். பாதி வேலையை நாம் செய்து கொடுத்தால் மீதியை எழுத சாருக்கு நேரம் கிடைக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு அதுதான் பதில்.

சத்தத்தில் போன காது திரும்ப வராது என்கிறார்கள். என் அப்பாவுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். ஆனால் என்னோடு பத்தாவது வரை படித்தவன் ஒருத்தன் இந்த வருடம்தான் தறிக்குப் போயிருக்கிறான். அவன் காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது. நான் எழுதி வைத்திருக்கிற நோட்டை அடுத்த செட் தம்பிகளிடம் கொடுத்துவிட்டுத்தான் போவேன். அவர்கள் கடைக்குப் போகாமல் சாரிடம் போகட்டும்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் என்பார்கள். கேட்போம் நண்பர்களே! நம் ஆசிரியர்களையும் கேட்க வைப்போம்!