ஏழு நிமிடக் கூத்து

ஜனவரி பிறந்தால் கனடாவில் எமக்கு மேடைகளுக்குப் பஞ்சமில்லை. 2016இல் கனடிய நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்ட பின்னர், நகரசபை மண்டபம், பாடசாலை, நூலகம் என்று எங்கும் பொங்கல் பானையோடு ஒரு கலைநிகழ்ச்சியும் வழமையாகிவிட்டது. நிகழ்ச்சி நிரலைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்: மங்கள விளக்கு, தேசிய கீதம், பரதநாட்டிய உருப்படிகள் நான்கைந்து, சினிமாப் பாடலுக்கு ஒரு குழு நடனம், இடையில் எங்காவது "எமது மண்ணின் பாரம்பரியக் கலை" என்ற அறிமுகத்தோடு கூத்து.

அந்தக் கூத்துக்கு ஒதுக்கப்படுவது ஏழு நிமிடம். பிள்ளைகள் பளபளக்கும் கிரீடத்தோடு வரிசையில் நிற்பார்கள். ஒலிபெருக்கியில் யாரோ முன்னர் பாடிப் பதிவுசெய்த பாட்டு ஓடும். பிள்ளைகள் வாயசைத்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, சபையை வணங்கி இறங்குவார்கள். நாமும் கைதட்டுகிறோம். பிள்ளைகள் மீது குறையில்லை, சொல்லிக் கொடுத்தவர் மீதும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. கொடுத்த நேரம் அவ்வளவுதான். ஆனால் அங்கே நடந்தது கூத்தல்ல. கூத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்ட வேறொன்று.

கூத்தில் ஆடுபவரே பாட வேண்டும். வரவுப் பாட்டைப் பாடிக்கொண்டே களரிக்குள் வந்து, அண்ணாவியாரின் மத்தளத்துக்குத் தாளக்கட்டு ஆடி, களைத்து மூச்சு வாங்கும் அந்த மூச்சோடேயே அடுத்த அடியைப் பிடிக்க வேண்டும். பிற்பாட்டுக்காரர் அந்த அடியை வாங்கிப் பாடும்போது கிடைக்கும் சிறு இடைவெளிதான் அவருக்கு ஓய்வு. மத்தளமும் கூத்தரைப் பார்த்துத்தான் அடிக்கப்படும். அவர் தடுமாறினால் அண்ணாவியார் இழுத்துப் பிடிப்பார், உற்சாகம் வந்தால் விரட்டுவார். பதிவுசெய்த பாட்டு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. உயிருள்ள மத்தளத்தை எடுத்துவிட்டு ஒலிநாடாவை வைத்த அன்றே அந்தக் கொடுக்கல் வாங்கல் முடிந்துபோகிறது.

பரதநாட்டியத்துக்கு இந்த நிலை வரவில்லை. ஏன் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, சிட்னி என எம்மவர் வாழும் நகரங்களிலெல்லாம் பரதம் படிக்கலாம். தரம் தரமாகப் பரீட்சை உண்டு, சான்றிதழ் உண்டு, முடிவில் அரங்கேற்றம் உண்டு. பாதி வயதில் நாட்டைவிட்டு வந்த பெற்றோருக்கு, பிள்ளை எதைக் கற்றது, எவ்வளவு கற்றது என்று கையில் காட்டக்கூடிய ஒன்று தேவைப்பட்டது. பரதம் அதைக் கொடுத்தது. அரங்கேற்றச் செலவைப் பற்றி நாம் கேலி பேசுவது இலகு. ஆனால் ஒரு கலை புலத்தில் இரண்டு தலைமுறை தாண்டி நிற்பதற்குப் பாடத்திட்டமும் ஆசிரியருக்குச் சம்பளமும் வேண்டும் என்பதை அந்த அமைப்புத்தான் எமக்குக் காட்டியது.

அந்தப் பரதமும் மாறாமல் வந்த ஒன்றல்ல. சதிர் என்ற பெயரில் கோயிலிலும் அரண்மனையிலும் ஆடப்பட்டது, 1930களில் ஈ. கிருஷ்ணய்யர், ருக்மிணி தேவி போன்றோர் கையில் புதிய பெயரோடும் புதிய உடையோடும் சபா மேடைக்கு வந்தது. கலாக்ஷேத்திரா 1936இல் தொடங்கியது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. கலை பிழைத்தது, அதைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த பெண்கள் மேடையை விட்டுப் போனார்கள். எனவே "மரபை மாற்றக்கூடாது" என்று புலத்து மேடைகளில் சிலர் கோபப்படும்போது எமக்குச் சற்றுச் சிரிப்புத்தான் வருகிறது. அவர்கள் காப்பாற்றத் துடிப்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒரு மாற்றத்தை.

இதில் கவனிக்க ஒரு விடயம் இருக்கிறது. ரொறன்ரோவைத் தளமாகக் கொண்ட நடன ஆக்கக்காரர் ஹரி கிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். அவருடைய மேடைப் படைப்புகள் முற்றிலும் சமகாலத்தவை, பழமைவாதிகள் பலருக்கு ஒவ்வாதவை. அதே ஹரி கிருஷ்ணன்தான் தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடமும், விராலிமலைக் கோயிலில் ஆடிய முத்துக்கண்ணம்மாளிடமும் போயிருந்து பழைய உருப்படிகளைக் கற்றவர். புதிதாகச் செய்ய விரும்பியவருக்குத்தான் பழையதன் தேவை அதிகம் இருந்திருக்கிறது.

கூத்திலும் இதே கதை உண்டு. ஈழத்துக் கூத்து இன்று உயிரோடு இருப்பதற்கு அதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தது காரணமல்ல. 1956இல் சரச்சந்திர, தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடைய 'நாடகம' என்ற பழைய வடிவத்தை எடுத்து 'மனமே'யை மேடையேற்றினார். தனியாகச் செய்யவில்லை; சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற மரபுக் கலைஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தார். சிங்கள நாடகத்தின் போக்கே அதோடு மாறியது. அதைப் பார்த்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், எம்மிடமே மூலம் இருக்கும்போது நாம் ஏன் சும்மா இருக்கிறோம் என்று மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் பக்கம் திரும்பினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்து மாணவர்களுக்குப் பழக்கினார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன், பின்னர் வாலிவதை. இராவணேசனை எழுதியவரும் அதில் இராவணனாக ஆடியவரும் அன்று மாணவராக இருந்த சி. மௌனகுரு.

விடியவிடிய ஆடும் கூத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்தது. வட்டக்களரி போய் ஒருபக்கம் பார்க்கும் மேடை வந்தது. அன்றும் இதற்கு எதிர்ப்பு இருந்தது, இன்றும் அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் படிப்பறிவில்லாதவரின் பொழுதுபோக்கு என்று நகரத்தார் ஒதுக்கிய கூத்து பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது அப்படித்தான். அதன் பிறகு வந்தவர்கள் கதையையே மாற்றினார்கள். மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் சூடாக இருந்த காலத்தில் என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' காத்தான் கூத்துப் பாணியில் ஆடப்பட்டது. மௌனகுருவின் 'சங்காரம்' வர்க்கத்தையும் சாதியையும் கூத்தின் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது. கோயிலுக்குள் விடப்படாதவர்களின் வழக்கை, கோயில் வீதியில் ஆடிவந்த வடிவத்தாலேயே பேசினார்கள்.

பின்னர், 2000களின் தொடக்கத்தில், மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் வேறொரு பாதையைப் பிடித்தார்கள். கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகாமல், ஊருக்குள்ளேயே இருந்து, ஆடுகின்ற மக்களோடு பேசி, அவர்களே மாற்றுவதற்கு வழிசெய்தார்கள். பெண்ணை இழிவாகக் காட்டும் இடம், சாதியைத் தூக்கிப்பிடிக்கும் இடம் ஆகியவற்றை என்ன செய்வது என்று களரியில் வைத்தே விவாதித்தார்கள். கூத்து மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர். இந்த இரண்டு பாதைக்கும் இடையிலான வாதம் எமது நாடக உலகில் நீண்டது, சில வேளை கசப்பானதும்கூட. எம்மைக் கேட்டால் இரண்டும் தேவைப்பட்டன. ஆனால் புலத்துக்கு வந்த நாம் இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. பேராதனையிலிருந்து சுருக்கத்தை மட்டும் எடுத்தோம். அண்ணாவியாரை எடுக்க மறந்துவிட்டோம்.

மட்டக்களப்பில் ஒரு கூத்து எப்படி மேடைக்கு வருகிறது என்பதைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். முதலில் சட்டம் கொடுத்தல்: யாருக்கு எந்தப் பாத்திரம் என்று ஊர் கூடி முடிவுசெய்து பாட்டுகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். பிறகு மாதக்கணக்கில் ஆட்டப் பழக்கம். ஆட்டம் காலில் படிந்ததும் சதங்கை அணிதல். அதன்பின் கிழமைக்கூத்து, உடுப்பில்லாமல் முழுவதையும் ஆடிப்பார்க்கும் அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். இந்த மாதங்களில் ஊரில் கோபம் தீரும், புதுச் சண்டை வரும், தேத்தண்ணீர் யார் வீட்டிலிருந்து வருவது என்பதுகூடப் பேசி முடிவாகும். அங்கே அரங்கேற்றம் ஓர் ஊருடையது. இங்கே அதே சொல் ஒரு பிள்ளையின் பெயரோடு அழைப்பிதழில் வருகிறது.

புலத்தில் இது முடியாத காரியம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். முடியாது என்பது உண்மையல்ல. பாரிஸில் யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்க மக்கள் தென்மோடிக் கூத்தை ஆடி வருகிறார்கள். காத்தவராயன் கூத்து ரொறன்ரோவிலும் லண்டனிலும் மேடையேறியிருக்கிறது. அவற்றைப் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும்: மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கும் முதியவர்கள் அடுத்த அடியை ஆடுபவருக்கு முன்னரே பாடிவிடுவார்கள். அந்தக் கூத்துகள் நடப்பது ஊரில் இளவயதில் ஆடியவர்கள் இன்னும் இருப்பதால்தான். அவர்களில் இளையவர்களுக்கே இப்போது அறுபதை நெருங்குகிறது. சிலர் கையால் எழுதிய கூத்துக் கொப்பியை இடம்பெயர்வு, முகாம், விமானம் எல்லாம் தாண்டிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கொப்பியில் பாட்டு இருக்கும். எந்த இடத்தில் மத்தளம் விரைய வேண்டும், துள்ளல் முடிந்து காலை எங்கே வைக்க வேண்டும் என்பது கொப்பியில் இல்லை.

தடைகள் இருக்கின்றன, அவை அற்பமானவையும் அல்ல. தொடர்மாடி வீட்டில் மத்தளம் அடித்துத் துள்ளி ஆடினால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுவார்கள். பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்துக்கு வாடகையும் காப்புறுதியும் கட்ட வேண்டும். ஆடவேண்டிய இளைஞன் இரண்டு வேலை செய்கிறான். இவற்றைவிடப் பெரியது மொழி. கூத்துப் பாட்டின் தமிழ், வீட்டில் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைக்கு எளிதல்ல. ஆனால் இதைத் தடையாக மட்டும் பார்க்கிறோமா என்று யோசிக்க வேண்டும். கட்டுரை எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளை, தன் பாத்திரத்தின் பாட்டை மனனம் செய்யும்போது சொல்லுக்குச் சொல் பொருள் கேட்கும். கேட்காமல் ஆட முடியாது, ஏனென்றால் பாடுவது அந்தப் பிள்ளைதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகள் ஏன் இதைக் கையில் எடுக்கவில்லை என்பது எமக்கு விளங்காத ஒன்று.

பெண்பிள்ளைகள் பற்றிய கேள்வியும் உண்டு. மரபில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். இங்கே ஆட முன்வருபவர்களில் பெண்பிள்ளைகளே அதிகமாக இருப்பார்கள். தாயகத்திலேயே பெண்கள் கூத்தாடத் தொடங்கிவிட்டபோது, புலத்தில் இருந்துகொண்டு "ஊர் வழக்கம்" பேசுவது பொருந்தாது. சாதியும் அப்படித்தான். எந்தப் பாத்திரம் எந்த வீட்டுக்கு என்று ஊரில் இருந்த கணக்குகளை இங்கே திரும்ப எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இதற்கு ஒரு முன்னுதாரணம் எம் கண்முன்னே இருக்கிறது. இழவு வீட்டு வாத்தியம் என்று எம் பெற்றோர் ஒதுக்கிய பறையை இன்று புலத்து இளையோர் எடுத்து அடிக்கிறார்கள், ஊர்வலத்திலும் திருமணத்திலும் போராட்டத்திலும். பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. தங்களுக்குச் சொல்ல இருப்பதைச் சொல்ல அந்த ஒலி உதவும் என்று கண்டுகொண்டார்கள். கூத்திலும் அவர்களுக்குச் சொல்ல இருக்கும். கடல் கடந்த கதை, முகாமில் கழிந்த காலம், காணாமல் போனவரைத் தேடும் தாய் என்று வடமோடி தாங்கக்கூடிய கருப்பொருள் எங்களிடம் குறைவில்லை. ஆனால் வடிவம் காலில் ஏறிய பிறகுதான் புதுக்கதை நிற்கும். ஆட்டம் தெரியாமல் எழுதப்படும் புதுக் கூத்து, கிரீடம் வைத்த மேடைப்பேச்சாகிவிடும்.

எனவே மரபுத் திங்கள் விழாக்குழுக்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஆண்டு இருபது நிகழ்ச்சிகளுக்குப் பதிலாகப் பத்தை வையுங்கள். மிச்சமாகும் ஒன்றரை மணித்தியாலத்தை ஒரே ஒரு கூத்துக்குக் கொடுங்கள். மேடையை விட்டுத் தரையில் வட்டமாகக் கதிரை போடுங்கள். பூச்செண்டுக்கும் நினைவுச் சின்னத்துக்கும் செலவாகும் பணத்தில் ஓர் அண்ணாவியாருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், பழக்கும் நாட்களை முழுவதுமாக ஒளிப்பதிவு செய்யுங்கள். கனடாவில் கலை மன்றங்களின் நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவங்களை நிரப்ப எமது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு கூத்தைப் பழக்க வாரத்துக்கு ஒரு நாள் என்றால் ஏழெட்டு மாதம் பிடிக்கும். ஜனவரியில் களரி கட்ட வேண்டுமானால் மே மாதத்திலாவது சட்டம் கொடுத்திருக்க வேண்டும்.