பள்ளிச் செய்தி குடிசைக்கும் எட்ட வேண்டும்

விடியுமுன் நடவுக்குப் போகும் தாய்க்கும், இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் மில் தொழிலாளிக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தியை யார் சொல்வது? விடுமுறை மாறுகிறது, பரீட்சை நாள் மாறுகிறது. அறிவிப்போ பள்ளிச் சுவரில் தொங்குகிறது, அல்லது வாட்ஸ்அப்பில் வருகிறது. சுவரைப் பார்க்க நேரமில்லை. எழுத்தறியாதவருக்கு வாட்ஸ்அப்பால் பயனில்லை.

இது அற்ப விஷயமல்ல. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், 1 முதல் 5-ம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு வகுப்பு தொடங்குமுன்பே உணவு பரிமாறப்படுகிறது. நேரம் தெரியாத வீட்டுப் பிள்ளை பசியோடுதான் பாடம் கேட்கும்.

2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் வேலை நேரத்தில் கூட்டம் போட்டால், கூலியை இழந்து யார் போவார்?

ஆசிரியர்கள் மீது நமக்குக் கோபமில்லை. அவர்கள் தலையிலும் சுமை அதிகம். நாம் கோருவது இதுதான்: கூட்டம் வேலை முடிந்த மாலையில் நடக்கட்டும். மாறுதல் எதுவானாலும் முதல் நாளே தெரிவிக்கப்படட்டும். குழுவிலுள்ள தாய்மார்கள் தெருவுக்கு ஒருவராகப் பொறுப்பேற்று வாய்மொழியாகச் சொல்லட்டும்.

தோழர்களே! அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேளுங்கள். கேட்பது சலுகையல்ல, உரிமை!