அழித்த கோப்பு எங்கே போகிறது?

விழுப்புரம் சந்திப்பின் கால அட்டவணையில் திண்டிவனம் என்ற பெயரை மை பூசி மறைத்துவிட்டால், திண்டிவனம் இல்லாமல் போய்விடுமா? ஊர் அங்கேயேதான் இருக்கும். வழி தெரிந்தவர் போய்ச் சேர்ந்துவிடுவார்.

கணினியின் காந்தத் தட்டில் கோப்பை அழிப்பதும் இத்தகையதே. கோப்பு இருந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன்மேல் வேறு தகவல் எழுதப்படும்வரை பழைய எழுத்துகள் அப்படியே இருக்கும். அமெரிக்க ஆய்வாளர்களான சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய தட்டுகள் 158-ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். படிக்க முடிந்த 129 தட்டுகளில் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன!

பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொதுக் கோப்புறையில் ஆபத்து இன்னும் அதிகம். திண்டிவனத்தில் ஒரு பள்ளியின் கணினிக் கூடத்தில், எல்லாக் கணினிகளும் சர்வரிலுள்ள ஒரே கோப்புறையைத் திறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வினாத்தாளைத் தவறுதலாக அதில் வைத்துவிட்டு, மறுநாள் அழிக்கிறார். அது அவருடைய கணினியின் குப்பைத்தொட்டிக்கு வருவதில்லை. ஆகவே ஒழிந்தது என்று நிம்மதி அடைகிறார். ஆனால் குறித்த நேரங்களில் பழைய நிலையைப் படியெடுத்து வைக்கும் வசதி விண்டோஸ் சர்வரில் 2003 முதலே உண்டு. அவ்வசதி இயங்கினால், கோப்புறையைப் படிக்க அனுமதி உள்ள எவரும் 'முந்தைய பதிப்புகள்' வழியே வினாத்தாளை எடுத்துவிடலாம்.

அப்படியானால் மீட்பு வசதியே வேண்டாமா? அது தவறு. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்னும் தீய நிரல், கோப்புகளைப் பூட்டியதோடு இந்தப் பழைய படிகளையும் அழிக்க முயன்றது. மீட்பு வசதியின் அருமை எதிரிக்குத் தெரிந்திருக்கிறது!

என் கருத்து இதுதான்: மீட்கும் உரிமை பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும். யார் கேட்டார், எதை மீட்டார் என்பது குறிப்பேட்டில் பதிவாகட்டும். மீட்ட கோப்பைப் பொது இடத்தில் போடாமல் உரியவரிடம் சேர்க்கட்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் முன்பின் தெரியாத மீட்பு நிரல்களைக் கூடத்துக் கணினிகளில் ஏற்றக்கூடாது. அவற்றிலேயே தீய நிரல் ஒளிந்திருக்கலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, மதிப்பெண் பட்டியல், ஆதார் எண் போன்றவற்றைப் பொதுக் கோப்புறையில் வைக்கவே கூடாது. பிறகு அழித்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல் வேண்டாம். பெயரை அழித்தாலும் ஊர் அங்கேயே இருக்கிறது, மாணவர்களே!